ஸ்பெக்ஃபெம் 2டி, மூன்று வருடத்துக்குப் பிறகு

போன வாரம் எஸ்எம்பிஎஸ் மாற்றி கம்ப்யூட்டரைப் புதுச்சேரி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கடலூர் நண்பன் போன் செய்தான். "மச்சான், ஸ்பெக்ஃபெம் போடட்டுமா?" அதிர்வும் சத்தமும் பாறையிலும் காற்றிலும் அலையாக எப்படிப் பரவுகின்றன என்று கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள் அது. இலவசம்தானே, போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருவக்கரைப் பக்கம் எங்கள் சித்தி வீடு. கல்குவாரியில் வெடி வைத்தால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். "பூமியே ஆடுது" என்பார் சித்தி. அதைக் கணக்கிட்டுப் பார்க்கத்தான் ஆரம்பித்தேன். தூரம் 3.4 கிலோமீட்டர். கருங்கல்லில் அலை நொடிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு நொடிக்குள் வந்துவிடுகிறது, ஆனால் மிகச் சின்னதாக. பாறாங்கல்லின் மேலேயே மருந்து வைத்து வெடித்தால் தரைக்குள் இறங்கும் சக்தி கொஞ்சம்தான். பெரும்பங்கு காற்றில் போகிறது. திரையில் பெரிய அலை பத்தாவது நொடியில் வந்தது.

அடுத்த வெடிக்குச் சித்தி வீட்டு மொட்டை மாடியில் நின்றேன். தூசி கிளம்பியதும் எண்ண ஆரம்பித்தேன். பத்து என்றபோது கீழே டம்ளர் கிணுகிணுத்தது. சித்தியைக் கூப்பிட்டு, "ஆட்டுறது பூமி இல்ல சித்தி, காத்து" என்றேன். அந்த ஒரு நாளுக்காக இந்த மென்பொருளுக்கு நான் கடன்பட்டவன்.

ஆனால் அதே காற்றுதான் மூன்று வருடமாக உயிரை எடுக்கிறது. 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கருங்கல்லில் 250 மீட்டர், காற்றில் வெறும் 17 மீட்டர். காற்றுக்காக மெஷ்ஷை, அதாவது கணக்குப் போட இடத்தைப் பிரிக்கும் கட்ட வலையை, பொடியாக்க வேண்டும். அந்தப் பொடிக் கட்டங்கள் தரையை ஒட்டிய பாறைக்கும் வந்துவிடும். பாறையில் அலை 15 மடங்கு வேகமாக ஓடுவதால் ஒவ்வொரு காலப்படியும் (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரம்) சுருங்கிப் போகும். பத்து நொடிச் சத்தத்துக்கு ராத்திரி முழுக்க ஓடும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

சரி, அதையும் பொறுக்கலாம். காலையில் தரைக்காற்று, மேலே கொஞ்சம் வெதுவெதுப்பு; குவாரிக்குக் கிழக்கே இருக்கும் வீட்டுப் பக்கம் சத்தம் வளைந்து இறங்குகிறது. மதியம் கடல்காற்று எதிரே வந்தால் அதே சத்தம் மேலே எழும்பிப் போய்விடும், டம்ளர் அசையாது. சித்தியே இதைச் சொல்வார். நான் ஓட்டும் பதிப்பில் காற்று அசையாமல் நிற்கிறது; காலைக்கும் மதியத்துக்கும் ஒரே படம். காற்றோட்டத்தைச் சேர்த்த கிளைப் பதிப்பு தனியே உண்டு, என் கம்ப்யூட்டர் அதை இழுக்கவில்லை.

பாறைக்குள் மட்டும் பார்க்க இதைவிட நல்லது என் கைக்கு வந்ததில்லை. நண்பன் பார்க்க நினைப்பதோ கடலோரத்துச் சத்தத்தை. போடாதே என்று சொல்லிவிட்டேன்.