ஊட்டிக்கு எந்தப் பாதை: குன்னூரா, கோத்தகிரியா?

மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் ஊட்டி சாலை இரண்டாகப் பிரிகிறது. பெரும்பாலான வண்டிகள் யோசிக்காமல் குன்னூர் பக்கம் திரும்பிவிடுகின்றன. கோத்தகிரி வழியை, மண் சரிந்தால் மட்டும் நினைவுக்கு வரும் மாற்றுப்பாதையாகவே பலர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலைக்கு இது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம்.

முதலில் தூரம். குன்னூர் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். கோத்தகிரி வழியாகப் போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடும். கணக்கு இதோடு முடிந்துவிட்டால் அலசலே தேவையில்லை.

வயதில் மூத்தது கோத்தகிரிப் பக்கம்தான். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் டணாயக்கன்கோட்டையிலிருந்து மலையேறி, கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டிக்குத்தான் வந்து சேர்ந்தார். அடுத்து சிறுமுகையிலிருந்து மேலே ஒரு பாதை போடும் வேலையை லெப்டினன்ட் மெக்பெர்சன் 1821-இல் தொடங்கி 1823-இல் முடித்தார். நீலகிரிக்கு வெள்ளையர் போட்ட முதல் பாதை அதுதான். டணாயக்கன்கோட்டை இப்போது பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. சிறுமுகை அப்படியே இருக்கிறது. ஈரோட்டிலிருந்து கோபி, சத்தியமங்கலம், சிறுமுகை, மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு வரும் மாநில நெடுஞ்சாலை 15 இன்றும் அந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய பயணத்தின் தடம் ஒரு சாதாரண மாநிலச் சாலைக்குள் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

குன்னூர் மலைப்பாதை வந்தது 1830-களின் தொடக்கத்தில். அந்தப் பழைய பாதை ரொம்பவும் செங்குத்து, மாட்டுவண்டிகள் திணறின. அதனால் கர்னல் லா வேறு தடம் பிடித்துப் புதுப்பாதை போட்டு 1871-இல் முடித்தார். குன்னூருக்குக் கீழேயுள்ள லாஸ் அருவிக்கு அவர் பெயர்தான். அப்புறம் 1899-இல் மலை ரயிலும் குன்னூர் வரை ஏறிவிட, பெரிய போக்குவரத்து அந்தப் பக்கமே தங்கிவிட்டது. கோத்தகிரி பின்தங்கியதற்கு அந்தச் சாலையில் குறை ஒன்றும் காரணமில்லை, ரயில் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஓட்டுபவருக்கு எது நல்லது? குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தும் லாரியும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும்போது பின்னால் வால் நீண்டுவிடும். வாந்தி வரும் ஆள் வண்டியில் இருந்தால் கோத்தகிரியே மேல், வளைவுகள் அவ்வளவு நெருக்கமாக இல்லை. ஆனால் காட்சிக்குக் குன்னூர் பாதையை விட முடியாது. கல்லாறு பழப்பண்ணை, பர்லியாரில் சீசனில் விற்கும் மங்குஸ்தானும் துரியனும், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஊர்ந்து ஏறும் ரயில் எல்லாம் அங்கேதான்.

கோத்தகிரிப் பக்கம் காட்சியைவிட வாழ்க்கை அதிகம். அரவேணு தாண்டினால் சாலையோரத்திலேயே பச்சைத் தேயிலை மூட்டைகள் எடைக்குக் காத்திருக்கும், பக்கத்தில் பறித்த பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அதன்பின் கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு வழியாக ஊட்டிக்கு மேலேயிருந்து ஊருக்குள் இறங்குவோம். நேரம் இருந்தால் கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பங்களாவையும் பார்த்துவிடலாம்.

இந்தப் பாதையின் ஆபத்து யானை. குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் அவை சாலைக்கே வந்து நிற்கும். இருட்டிய பிறகு அங்கே போகாதீர்கள், பகலில் யானை நின்றாலும் ஹாரன் அடிக்காமல் தள்ளியே நிறுத்துங்கள்.

மழைக்காலத்தில் இரண்டையுமே கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலையே சரிந்து குன்னூர் சாலையையும் தண்டவாளத்தையும் அடித்துக்கொண்டு போனது, பல உயிர்கள் போயின. வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாட்களில் கிளம்பும் முன் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று விசாரித்துவிடுவது நல்லது.

கோடை சீசனில் இந்தத் தேர்வே நம் கையில் இருக்காது. ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று மாவட்ட நிர்வாகம் ஒருவழியாக்கிவிடும். மற்ற மாதங்களில் என் தீர்ப்பு நேர்மாறு: காலையில் கோத்தகிரி வழியாக ஏறுங்கள், குன்னூர் வழியாக இறங்குங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியிலேயே கருகல் வாடை வந்துவிடும். ஈரோடு, சத்தி பக்கத்திலிருந்து வருபவர்களுக்கோ யோசிக்கவே வேண்டாம், வந்த சாலையிலேயே தொடர்ந்தால் கோத்தகிரிதான்.