பத்து வகையா, ஒரே பெட்டியா? சுருட்டில் ருசி தேடும் வழிகள்

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: “நாலு சுருட்டு பிடிச்சுப் பார்த்துட்டேன். நாலுமே புகை மாதிரிதான் இருந்துது. எனக்கு எது பிடிக்கும்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?” நானும் இதே இடத்தில் இரண்டு வருடம் முட்டிக்கொண்டு நின்றவன்தான். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு சரி, அதனால் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய்கள் புகையை விழுங்காதவரையும் விடுவதில்லை. பழகாதவர் இதைப் படித்துவிட்டுப் பழக வேண்டாம். ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டவருக்குத்தான் இது. அதனால்தான் கீழே வருகிற வழிகளை எல்லாம் நான் ஒரே தராசில் வைத்தேன்: ஒரு சுருட்டுக்கு எவ்வளவு தெரிந்துகொண்டோம்? முப்பது பிடித்துத் தெரிந்துகொள்வதை ஆறில் தெரிந்துகொள்ள முடியுமானால் அந்த வழியே மேல்.

எல்லாரும் முதலில் போவது சாம்ப்ளர் பக்கம். அமெரிக்கக் கடைகளில் ஐந்து அல்லது பத்து வெவ்வேறு சுருட்டுகளை ஒரு பையில் போட்டு, தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகத் தருவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும், தாலி மீல்ஸ் மாதிரி. நானும் பத்து வாங்கினேன். பிடித்து முடிக்க மூன்று மாதம் ஆனது. முடிந்தபின் என் நோட்டில் இருந்தவை இவைதான்: “நன்றாக இருந்தது.” “காரம்.” “காப்பி வாசனையா?” “பரவாயில்லை.” ஏழாவதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அன்று மதியம் சாப்பிடாமல், நிகராகுவாவின் தடித்த சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துவிட்டு அரை மணி நேரத்தில் கொல்லைப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வியர்க்கிறது, எச்சில் ஊறுகிறது, குமட்டுகிறது. மனைவி சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “என்னங்க, காசு கொடுத்தா இதை வாங்குனீங்க?” என்றாள்.

அந்தச் சுருட்டு எனக்கு ஆகாது என்று ஒரு வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் ஆகாமல் போனது எது? இலையா, தடிமனா, அவசர அவசரமாக இழுத்ததா, வெறும் வயிறா? சொல்லத் தெரியாது. சாம்ப்ளரின் கோளாறே இதுதான். பத்திலும் நாடு வேறு, நீளம் வேறு, மேலே சுற்றிய இலை வேறு. பிடித்தாலும் காரணம் தெரியாது, பிடிக்காவிட்டாலும் தெரியாது. கடையில் ஓடாத சரக்கும் இந்தப் பைகளில் வந்து விழுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். என் பத்தில் இரண்டு, மேலிலை காய்ந்து வெடித்துத்தான் வந்தன.

இதற்கு நேர் எதிர்வழி, ஒரே பெட்டி. இருபது, இருபத்தைந்து ஒரே சுருட்டு. பழைய ஆட்கள் பலர் இதைத்தான் சொல்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. கையால் சுருட்டுகிற சரக்கு என்பதால் ஒன்று இறுக்கமாக இருக்கும், அடுத்தது லேசாக இழுக்கும். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது அந்தச் சுருட்டுக்கு நாம் செய்கிற அநியாயம். நம் நாக்கும் தினம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பூண்டு ரசம் சாப்பிட்ட நாளில் கசந்தது, காப்பிக்குப் பிறகு இனிக்கும். இதையெல்லாம் பெட்டிதான் கற்றுக்கொடுக்கும். ஆனால் முதல் இரண்டிலேயே பிடிக்கவில்லை என்றால் மிச்சம் இருபத்து மூன்றை என்ன செய்வது? ஈரப்பதத்தை 65-லிருந்து 70 சதவீதத்துக்குள் வைத்திருக்க ஒரு ஹியூமிடர் வேறு வாங்க வேண்டும். புதியவருக்கு இது பெண் பார்க்கிற அன்றைக்கே தாலி கட்டுகிற வேலை.

புள்ளிப் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘சிகார் அஃபிசியனாடோ’ பத்திரிகை 1992-ல் வந்ததிலிருந்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறது. 93 வாங்கிய சுருட்டு நல்ல தயாரிப்பு என்பதை நம்பலாம், உங்களுக்குப் பிடிக்கும் என்பதை நம்ப முடியாது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணை அல்ல, வழக்கத்தை: எந்தச் சுருட்டு என்று தெரியாதபடி மறைத்து வைத்துத்தான் பிடித்துப் பார்க்கிறார்கள். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர்? நல்லவர் அமைந்தால் யோகம். “மைல்டா, ஸ்ட்ராங்கா?” என்று மட்டும் கேட்பவர் சுமார் ரகம். “காப்பியில பால் விடுவீங்களா? டார்க் சாக்லேட் சாப்பிடுவீங்களா? கையில எவ்வளவு நேரம் இருக்கு?” என்று கேட்பவரை விடாதீர்கள்.

சரி, நான் கடைசியில் வந்து நின்ற வழி இது: ஒரு சமயத்தில் இரண்டே சுருட்டு. இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அந்த ஜோடியையே வேறு நாட்களில் மறுபடியும்.

எதை மாற்றுவது என்று தெரிய, சுருட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே நீளவாக்கில் கிடப்பது ஃபில்லர், அதைக் கட்டிப்பிடிப்பது பைண்டர், மேலே அழகாகச் சுற்றியிருப்பது ரேப்பர், அதாவது மேலிலை. ஃபில்லரில் செடியின் எந்த உயரத்து இலை என்பது முக்கியம். அடியிலை வொலாடோ, நன்றாக எரியும். நடு இலை செகோ, வாசனை அதனுடையது. வெயிலை நேராக வாங்கும் உச்சி இலை லிஹேரோ. தடித்தது, காரமானது, மெதுவாக எரியும், அதனால் சுருட்டின் நட்ட நடுவில் வைப்பார்கள். என்னைக் கொல்லைப்படியில் உட்கார வைத்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கும்.

ரேப்பரின் நிறத்தைப் பார்த்து எல்லாரும் ஏமாறுகிறார்கள். மடூரோ என்றால் அதிக நாள், அதிகச் சூட்டில் புளிக்க வைத்துக் கறுத்த இலை. கறுப்பாக இருப்பதால் கடுமையானது என்று அர்த்தமில்லை, பல சமயம் இனிப்புத்தான் கூடியிருக்கும். சிக்கரி போட்ட டிகாஷனைப் பாருங்கள். கன்னங்கரேலென்று இறங்கும், சிக்கரியில் கஃபீன் ஒரு துளி கிடையாது.

என் முதல் ஜோடி பத்ரோன் 2000. ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன் என்ற கியூபாக்காரர் 1964-ல் மியாமியில் தொடங்கிய நிறுவனம், இலை நிகராகுவாவுடையது. நீளம் 5 அங்குலம், தடிமன் 50. இந்த 50 என்பது அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50, அதாவது கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் குறுக்களவு. ரோபஸ்டோ என்று கடையில் கேட்டால் ஏறக்குறைய இந்த அளவைத்தான் தருவார்கள். இதே சுருட்டு நேச்சுரல், மடூரோ என இரண்டு விதமாக வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் மேலிலையைக் கறுக்கப் புளிக்க வைத்ததில்தான். நமக்கு வேண்டியதும் அதுதானே.

ஒவ்வொன்றிலும் மூன்று வாங்கினேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் மற்றது, பக்கத்தில் அதே வெறும் தண்ணீர். பற்றவைக்கும் முன் நுனியை வெட்டிவிட்டுச் சும்மா இழுத்துப் பார்ப்பேன். நேச்சுரலில் வைக்கோல்போர் வாசனை, மடூரோவில் உலர்திராட்சை. பற்றவைத்த பின் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அவ்வளவுதான். வேகமாக இழுத்தால் எந்தச் சுருட்டும் சூடாகிக் கசக்கும், பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை, வாயில் இருக்கும் புகையில் கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியே விட்டேன். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, கசப்பு என்று நாலைந்து சுவைதான். மிளகு, மரப்பட்டை, வறுத்த வேர்க்கடலை இதெல்லாம் மூக்குக்குத்தான் தெரியும். முதல் தடவை கண்ணில் நீர் வந்தது. மூன்றாவது தடவை, வறுத்த கடலை என்று நானாகவே கண்டுபிடித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நோட்டில் “நன்றாக இருந்தது” என்று எழுதுவதை நிறுத்தினேன். மூன்றே கேள்விகள். மூன்றில் ஒரு பங்கு எரிந்தபோது என்ன வாசனை? பாதியில் மாறியதா? கடைசி இரண்டு அங்குலத்தையும் பிடிக்கத் தோன்றியதா, கீழே வைக்கத் தோன்றியதா? மூன்றாவதுதான் பொய் சொல்லாத கேள்வி. புத்தகத்தில் படித்த வார்த்தையை முதல் இரண்டுக்கும் பதிலாக எழுதிவிடலாம். கை தானாகவே கீழே வைத்துவிட்டதற்கு என்ன பதில் சொல்வது?

மேலிலை விவகாரம் தெளிந்த பிறகு நாட்டை மாற்றினேன். லேசான கனெடிகட் ஷேட் இலை (துணிப் பந்தல் நிழலில் வளர்த்தது) சுற்றிய டொமினிக்கன் சுருட்டு, மக்கனூடோ கஃபே ஒன்று, எதிரே நிகராகுவா பத்ரோன். இங்கே பல விஷயங்கள் சேர்ந்து மாறுகின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் ஜோடி மேலிலையின் வேலை என்ன என்று காட்டிவிட்டதால், மிச்ச வித்தியாசத்தை ஓரளவு பிரித்துப் பார்க்க முடிந்தது. டொமினிக்கன் பாலாடைபோல வழுவழுப்பு. நிகராகுவாவில் மண்ணும் மிளகும். அப்புறம் தடிமன். ஒரே கலவையில் மெல்லிய சுருட்டும் தடித்த சுருட்டும் வருவதுண்டு. மெல்லியதில் உள்ளிலையின் பங்கு குறைந்து மேலிலையின் பங்கு கூடுகிறது, ஆகவே மேலிலை பிடித்தவருக்கு மெல்லியதே லாபம். இதை நான் ரொம்பத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

கியூபாவிலிருந்தே தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெயரின் மயக்கம் அப்படி. 1962-ல் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபா மீதான வர்த்தகத் தடையில் கையெழுத்துப் போடுவதற்கு முதல்நாள் தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரை அனுப்பி 1,200 கியூபச் சுருட்டுகள் வாங்கி வைத்துக்கொண்டார் என்று சாலிஞ்சரே பின்னாளில் சொன்னார். அந்தத் தடையால் அமெரிக்காவில் இருக்கும் எனக்குக் கடையில் கியூபா கிடைக்காது. துபாயிலோ லண்டனிலோ இருப்பவருக்குக் கிடைக்கும், விலைதான் கண்ணைக் கட்டும். போலியும் ஏராளம். கியூபாவின் பேர்போன கொஹீபாவைக் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் யாராவது நீட்டினால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள், அப்படி ஒரு பெட்டியில் அசல் கொஹீபா வருவதே இல்லை. புதியவருக்கு இது கடைசியில்தான். இருபது தடவை பெயரைக் கேட்ட பிறகு பிடித்தால் நாக்குப் பேசாது, பெயர்தான் பேசும்.

நம்மூர் ஆட்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: திண்டுக்கல் சுருட்டு? ஆங்கிலத்தின் ‘செரூட்’ என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘டிரிச்சினாப்பொலி’ என்ற பெயரில் சீமை வரை போனதில் திண்டுக்கல் பக்கத்து இலைக்குப் பெரிய பங்கு. நான் வேடசந்தூர்ப் பக்கம் வளர்ந்தவன். புகையிலை காயப்போட்ட கொட்டகை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆனாலும் அதை கரீபியன் சுருட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பலனில்லை. இலை வேறு, பதம் வேறு, இரண்டு முனையும் திறந்த வடிவம் வேறு. சாம்ப்ளரின் அதே குழப்பம்தான் வரும். அதைத் தனியாக, அதற்காகவே பிடிக்கலாம்.

அந்தக் கொட்டகை வாசனை என்னை ஒரு விதத்தில் ஏமாற்றியும் விட்டது. நான் காரமான, கறுத்த சுருட்டுக்காரன் என்று எனக்கு நானே முடிவு செய்திருந்தேன். நண்பர்களிடமும் மடூரோ என்றால் உயிர் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த நேச்சுரல், மடூரோ ஜோடியைக் கடைசியாகச் சோதிக்கும்போது பட்டை லேபிளை உரித்துவிட்டு, நிறம் தெரியாமல் இருக்கக் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, மனைவியைக் கையில் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டே கொடுத்தாள். வெட்டியதும் பற்றவைத்ததும் அவள்தான், கண் கட்டிய ஆள் கையில் நெருப்பைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் பத்து இழுப்பு. முதலாவதைக் கீழே வைத்தேன், இரண்டாவதைக் கையைவிட்டு இறக்கவில்லை. “இதுதான் மடூரோ” என்றேன்.

துண்டை அவிழ்த்தால் கையில் இருந்தது நேச்சுரல்.

அடுத்த வாரம், எதை முதலில் கொடுப்பது என்பதை எனக்குச் சொல்லாமல் அவள் இஷ்டத்துக்குக் கொடுக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். அதே பதில். மிச்சமிருந்த ஒரு மடூரோவை அந்த அலுவலக நண்பரிடம் கொடுத்தேன், கூடவே ஒரு நேச்சுரலும். லேபிளை உரித்துத்தான் கொடுத்தேன். எது எது என்று கேட்டு இன்னமும் போன் செய்துகொண்டிருக்கிறார்.