லினக்ஸ்சிஎன்சியா, ஜிஆர்பிஎல்லா, மாக்3-ஆ? அச்சு கூடும்போது எது தாங்கும்

லினக்ஸ்சிஎன்சி, ஜிஆர்பிஎல், மாக்3 மூன்றும் வெட்டும் எந்திரங்களின் மோட்டார்களை ஓட்டும் கட்டுப்பாட்டு மென்பொருள்கள்; எந்திரம் நகரும் ஒவ்வொரு திசையும் ஓர் அச்சு. இவற்றில் லினக்ஸ்சிஎன்சிக்கு முன்பு வேறு பெயர். அதன் அமைப்பு ஃபைலை இன்றைக்குத் திறந்தாலும் மேலே கண்ணில் படும் தலைப்பு 'ஈஎம்சி' என்ற மூன்றெழுத்துதான். மூலநிரலுக்குள் போனாலும் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. கடைக்குப் புது போர்டு மாட்டிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பில் புக் மட்டும் பழைய பேரிலேயே ஓடுகிறது.

பழைய பேர் வந்த கதை சுருக்கமானது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 1990-களில் எந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றை எழுதி, ஜெனரல் மோட்டார்ஸின் பவர்ட்ரெயின் பிரிவில் ஓட்டிப் பார்த்தது. என்ஹான்ஸ்ட் மெஷின் கன்ட்ரோலர் என்பதன் சுருக்கம்தான் ஈஎம்சி. அரசுப் பணத்தில் எழுதியது என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆர்வலர்கள் எடுத்து வளர்த்தது ஈஎம்சி2 ஆனது. விண்டோஸ்காரர்களுக்காக அதே வேரிலிருந்து கிளம்பிய இன்னொன்று மாக். பிற்பாடு மாக்3 என்று உலகம் முழுக்கப் பட்டறைகளில் உட்கார்ந்தது. ஆகவே போட்டியாளர்கள் என்று நாம் நினைக்கும் இந்த இரண்டும் பங்காளிகள்தான்.

2011-இல் ஈஎம்சி கார்ப்பரேஷன் என்ற பெரிய தரவுச் சேமிப்பு நிறுவனம், அந்த எழுத்துகள் எங்கள் வணிகக்குறி என்றது. சம்பளமில்லாமல் நிரல் எழுதுகிறவர்கள் கோர்ட்டுக்குப் போய் என்ன செய்வார்கள்? பெயரை மாற்றினார்கள். 2012-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து லினக்ஸ்சிஎன்சி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய நிறுவனமே 2016-இல் டெல்லுக்குள் கரைந்துவிட்டது.

என்னைக் கேட்டால் அந்த நிறுவனம் செய்தது உபகாரம். பட்டறைக்காரனுக்கு ஈஎம்சி என்றால் மின்காந்த இரைச்சல் பற்றிய சமாச்சாரம். ஸ்பிண்டிலை (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) ஓட்டும் டிரைவின் இரைச்சலால் லிமிட் சுவிட்ச் (அச்சின் எல்லையைக் காட்டுவது) தானாக விழுகிறது என்று ஈஎம்சி சேர்த்துத் தேடினால், மென்பொருளும் வரும், ஷீல்டு கேபிளும் வரும், எது எதற்கு என்று புரியாது. புதுப் பெயருக்கு ஒரே குறை: லினக்ஸ் என்ற சொல்லைப் பார்த்தே பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள்.

அந்த மாற்றத்தால் பயன்படுத்துகிறவனுக்கு நேர்ந்தது கொஞ்சம்தான். தொடங்கும் கட்டளை மாறியது, வீட்டு ஃபோல்டர் பெயர் மாறியது, பைத்தான் மாட்யூலின் பெயர் மாறியது. ஒரு சாயங்கால வேலை. இதோடு எதிர்முகாமில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்டுயினோ என்ற சின்ன போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல்லை ஈஎஸ்பி32 சிப்புக்குக் கொண்டுபோனவர்கள் முதலில் ஜிஆர்பிஎல்-ஈஎஸ்பி32 என்றார்கள். அப்புறம் மொத்தத்தையும் திருப்பி எழுதி ஃப்ளூயிட்என்சி என்று பேர் வைத்தார்கள். இங்கே பெயரோடு உள்ளேயும் மாறியது: முன்பு பின் (போர்டில் வயர் மாட்டும் கால்) எண் மாற்றினால் நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், இப்போது யாமல் என்ற எழுத்து வடிவ அமைப்பு ஃபைலைத் திருத்தி போர்டில் ஏற்றினால் போதும்.

பேர் மாறியது ஒன்று, பொருள் மாறியது இன்னொன்று

லினக்ஸ்சிஎன்சியிலும் பொருள் மாறிய ஒரு பெயர்மாற்றம் உண்டு. ஆனால் அது 2012-இல் நடக்கவில்லை, 2020-இல் வந்த 2.8 பதிப்பில் நடந்தது. அதுவரை 'ஆக்சிஸ் 0' என்று ஒரு பகுதி இருக்கும். அது எக்ஸ் அச்சையும் குறிக்கும், எக்ஸை ஓட்டும் மோட்டாரையும் குறிக்கும். 2.8-இல் இதை இரண்டாக வெட்டினார்கள். மோட்டார் பக்கம் 'ஜாயின்ட் 0'. ஜி-கோடு (எந்திரத்துக்கு எங்கே போ என்று சொல்லும் கட்டளை மொழி) பேசும் பக்கம் 'ஆக்சிஸ் எக்ஸ்'. எந்த சிக்னல் எதோடு இணைகிறது என்று சொல்லும் ஹால் ஃபைலில் ஆக்சிஸ் என்று எழுதிய இணைப்புகள் ஜாயின்ட் ஆயின. பழைய ஃபைலைத் திறந்தால் தானே மாற்றித்தரும் ஸ்கிரிப்ட் ஒன்று கூடவே வருகிறது. சாதாரண மூன்றச்சு மிஷினுக்கு அது போதும். சொந்தமாக ஹால் எழுதி வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது, இந்த மென்பொருள்களை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்று தோன்றுகிறது. மோட்டாரும் அச்சும் ஒன்றுதான் என்று நினைக்கும் கன்ட்ரோலர் மூன்றச்சு வரை அழகாக ஓடும். அதற்கு மேல் போனால்தான் வேறுபாடு தெரியும். எங்கே தெரியும் என்பதை மூன்று மிஷின்களை வைத்துச் சொல்கிறேன்.

சூட்டுக் கம்பி: தெர்மாகோல் இறக்கை

மாதிரி விமானத்துக்கு இறக்கை வெட்டும் மிஷின் இது. இரண்டு பக்கமும் ஒரு கோபுரம். நடுவே நிக்ரோம் கம்பி. ஒரு கோபுரம் எக்ஸ்-ஒய்யில் நகரும், மற்றது தனியாக இன்னொரு ஜோடியில் நகரும். வேர்ப்பக்கம் அகலம், நுனிப்பக்கம் குறுகல் என்றால் இரண்டு கோபுரமும் வெவ்வேறு தூரம் போய் ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும்.

லினக்ஸ்சிஎன்சி இதற்கென்றே யு, வி என்ற எழுத்துகளை வைத்திருக்கிறது. அதற்கு எக்ஸ், ஒய், இசட், ஏ, பி, சி, யு, வி, டபிள்யூ என்று ஒன்பது எழுத்து தெரியும். ஏ, பி, சி சுழல்பவை. யு, வி, டபிள்யூ நேராக நகர்பவை. டிஸ்ப்ளே பகுதியில் ஃபோம் என்பதை 1 ஆக்கினால் திரையில் இரண்டு தளமும் கம்பியின் பாதையும் தெரியும். மாக்3-க்கு எக்ஸ் முதல் சி வரை ஆறுதான். யு, வி இல்லை. ஏ அச்சு 'கோணம்' என்ற டிக்கை எடுத்துவிட்டு நேர் அச்சாக ஏமாற்றி ஓட்டுவார்கள். ஓடும். அசல் ஜிஆர்பிஎல் ஆர்டுயினோ ஊனோவின் 32 கேபி நினைவகத்தில் மூன்றச்சோடு நிரம்பிவிடுகிறது. நாலாவதுக்கு மெகா போர்டில் ஓடும் கிளைகளோ 32 பிட் போர்டுகளுக்கான ஜிஆர்பிஎல்-ஹால் என்ற கிளையோதான் வழி. அங்கேயும் பெரும்பாலும் இரண்டாவது கோபுரத்துக்கு இசட், ஏ எழுத்துகளைத்தான் கொடுக்கிறார்கள்.

எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வேகம் இருக்கிறது. நான் தெர்மாகோலை வீணாக்கிக் கற்றுக்கொண்ட பாடம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வேர்ப்பக்கம் 250 மிமீ, நுனிப்பக்கம் 150 மிமீ, எஃப் 300 (நிமிடத்துக்கு 300 மிமீ வேகம்) என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ்சிஎன்சியில் எக்ஸ், ஒய், இசட் எதுவாவது நகர்ந்தால் எஃப் என்பது அவற்றுக்கு மட்டுமான வேகம். யு-வி பின்னாலேயே இழுபட்டு வரும். வேர் எக்ஸ்-ஒய் பக்கம் இருந்தால் வெட்டு 50 விநாடியில் முடியும். வேர் நிமிடத்துக்கு 300, நுனி 180. நல்லது. பக்கத்தை மாற்றி, நுனியை எக்ஸ்-ஒய்யில் வைத்துப் பாருங்கள். நுனி 300-இல் போய் 30 விநாடியில் முடிக்கும். அதே 30 விநாடிக்குள் வேர்ப்பக்கம் 250 மிமீ ஓட வேண்டும் என்றால் வேகம் 500. கம்பி உருக்குவதற்கு முன்பே இழுக்கிறது, வில்லாக வளைகிறது, இறக்கையின் நடுவில் பள்ளம். இடது இறக்கை நன்றாக வந்து வலது இறக்கை மட்டும் கெட்டுப்போனால் மின்சாரத்தைச் சந்தேகிக்காதீர்கள், இதைப் பாருங்கள்.

ஜிஆர்பிஎல்லின் அடிப்படைக் கணக்கு வேறு மாதிரி. அதற்கு எல்லா அச்சும் ஒரே மூட்டை. நாலு அச்சின் தூரங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து ஒரே நீளமாக்கும். இங்கே சுமார் 291.5 மிமீ. எஃப் 300-க்கு 58 விநாடி ஆகும். வேர் 257, நுனி 154. கேட்ட 300 எந்தப் பக்கத்திலும் கிடைக்காது. ஆனால் பக்கத்தை மாற்றிப் போட்டாலும் அதே எண்கள்தான் வரும். லினக்ஸ்சிஎன்சியின் துல்லியமான விதியைவிட இந்த முரட்டு விதி புதியவனைக் காப்பாற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சில கிளைகள் ஏ-யைச் சுழலும் அச்சாகவே எடுத்துக்கொள்ளும். அதை நேர் அச்சாக மாற்றாவிட்டால் இந்தக் கணக்கும் தப்பிவிடும்.

இரண்டிலும் தப்பிக்க ஒரே வழி ஜி93 என்ற கட்டளை. அதில் எஃப் வேகமாக இருக்காது, நிமிடத்தின் தலைகீழாக இருக்கும். 50 விநாடி வேண்டுமென்றால் 60-ஐ 50-ஆல் வகுத்து எஃப் 1.2. ஒவ்வொரு வரியிலும் எஃப் எழுத வேண்டும் என்பது தொல்லைதான், ஆனால் எழுதுவது மென்பொருள்தானே. ஜி93-க்கு மாறிய பிறகு கம்பி வெட்டில் இந்த இரண்டுக்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ரெண்டு மோட்டார் கேன்ட்ரி

மர வேலைக்கான ரௌட்டர்களில் ஒய் அச்சில் ஓடும் பாலத்தை (கேன்ட்ரி) இரண்டு பக்கமும் இரண்டு மோட்டார் இழுக்கும். அச்சு ஒன்று, மோட்டார் இரண்டு. 2020-இன் பெயர்மாற்றம் எதற்காக என்பது இங்கேதான் புரியும். லினக்ஸ்சிஎன்சியில் கோஆர்டினேட்ஸ் வரியில் எக்ஸ்-ஒய்-ஒய்-இசட் என்று ஒய்யை இரண்டு தடவை எழுதினால் நாலு ஜாயின்ட், மூன்று அச்சு. இரண்டு ஒய் ஜாயின்டுக்கும் ஹோமிங் (தொடக்கப் புள்ளியைத் தேடிப் போவது) வரிசை எண்ணை ஒரே மைனஸ் எண்ணாகக் கொடுத்தால் இரண்டும் கடைசி நகர்வைச் சேர்ந்தே முடிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தனியாக ஓட்டிக் கேன்ட்ரியைக் கோணலாக்கவும் விடாது. அந்த மைனஸ் குறியை மறந்துவிட்டு பால் ஸ்க்ரூவை முறுக்கினவர்கள் உண்டு.

ஃப்ளூயிட்என்சியில் இது இன்னும் எளிது. யாமலில் ஒய் அச்சின் கீழ் மோட்டார் 0, மோட்டார் 1 என்று இரண்டு பத்தி, இரண்டுக்கும் தனித்தனி லிமிட் பின். படித்தாலே புரியும் ஃபைல். ஜிஆர்பிஎல்-ஹாலும் செய்யும், கம்பைல் சமயத்தில் சொல்லிவிட வேண்டும். மாக்3-இல் ஒரு அச்சை இன்னொன்றுக்கு அடிமையாக்கும் மெனு உண்டு. அசல் ஜிஆர்பிஎல்லில் பெரும்பாலும் இரண்டு டிரைவரையும் ஒரே பின்னில் கட்டிவிட்டு, சதுரம் வருகிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றச்சு ரௌட்டர் மட்டும் வேண்டும் என்பவருக்கு நான் ஃப்ளூயிட்என்சியைத்தான் சொல்வேன். அதற்குப் போய் லினக்ஸ்சிஎன்சி என்றால், முட்டைக்கோஸ் நறுக்க அரிவாள்மனைக்குப் பதில் மரமறுக்கும் ரம்பம் எடுத்த கதை.

ஐந்தச்சு

இங்கே போட்டியே இல்லை. ஐந்து மோட்டாரைச் சேர்ந்தாற்போல் நகர்த்துவது வேறு, சாயும் மேசையில் கருவியின் நுனியை ஒரே புள்ளியில் நிறுத்தி வைப்பது வேறு. லினக்ஸ்சிஎன்சியில் இந்த இரண்டாவது வேலைக்குக் கைனமேடிக்ஸ் மாட்யூல்கள் (அச்சு நிலையை மோட்டார் நிலையாக மாற்றும் கணக்குகள்) இருக்கின்றன. ஏ சாய்ந்து சி சுழலும் மேசைக்கு ஒன்று, பி சாய்வதற்கு ஒன்று, அறுகால் ஹெக்ஸாபாடுக்கு ஒன்று, ரோபோ கைக்கு ஒன்று. சுழல் மையங்களுக்கு இடையே உள்ள தள்ளலை ஒரு தடவை அளந்து கொடுத்தால் கணக்கை மிஷினே போடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதா முறைக்கும் நுனி முறைக்கும் மாறிக்கொள்ளலாம்.

மாக்3, ஜிஆர்பிஎல் வகையறாவில் அந்தக் கணக்கை, வரைபடத்திலிருந்து ஜி-கோடு எழுதித்தரும் கேம் மென்பொருளே போட்டு ஜி-கோடில் எழுதிவைத்துவிட வேண்டும். வேலைப்பொருளை 2 மிமீ தள்ளி மாட்டினால் ஜி-கோடைத் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பொருள் வெட்டுகிறவருக்கு இது பெரிதில்லை. நாலு பொருள் மாற்றி மாற்றி மாட்டுகிறவருக்கு மாலைக்குள் தலைவலி.

அந்த மாட்யூலைச் சரியாக அமைப்பது சுலபம் என்று சொல்லவில்லை. தள்ளலின் குறி ஒன்று தலைகீழாகிவிட்டால் மேசை சாயும்போது ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம் ஓடும். கருவி மாட்டாமல், காற்றில், வேகத்தைப் பத்தில் ஒரு பங்காக்கி ஓட்டிப் பாருங்கள்.

பெட்டியும் கேபிளும்

மாக்3-இன் பேரலல் போர்ட் (பழைய கணினிகளின் பிரிண்டர் போர்ட்) டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இதனாலேயே பல பட்டறைகளில் ஒரு பழைய எக்ஸ்பி பெட்டி தூசியோடு உயிர்பிழைத்திருக்கிறது. புதிதாக மாக்3 வாங்காதீர்கள். ஆனால் ஓடிக்கொண்டிருப்பதைப் பிடுங்கவும் வேண்டாம். அந்தப் பெட்டியின் நெட் கேபிளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

லினக்ஸ்சிஎன்சிக்குக் கணினியின் தாமதம்தான் எமன். நிறுவுவதற்கு முன்பு தாமதச் சோதனையை ஓட விட்டு, கூடவே ஏதாவது வீடியோ ஓட்டி, ஜன்னல்களை இங்குமங்கும் இழுத்துப் பாருங்கள். 20 மைக்ரோ விநாடிக்குள் நின்றால் பேரலல் போர்ட்டிலேயே மோட்டாரை அடியடியாக நகர்த்தும் துடிப்பு தரலாம். அதற்கு மேல் எகிறினால் மேசா மாதிரியான கார்டு வாங்கித் துடிப்பு வேலையை அதனிடம் விட்டுவிடுங்கள். கணினி 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை தகவல் சொன்னால் போதும். ஜிஆர்பிஎல்லுக்கு இந்தத் தொந்தரவே இல்லை, போர்டே எல்லாம் செய்கிறது. ஆனால் ஊனோவில் விநாடிக்கு 30,000 துடிப்புதான் உச்சம், மைக்ரோ ஸ்டெப்பை (மோட்டாரின் ஓர் அடியை எத்தனை துண்டாக்குகிறோம் என்பதை) கூட்டினால் வேகம் அங்கேயே முட்டும்.

என் கம்பி மிஷின் இப்போது ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ்சிஎன்சி 2.9-இல் ஓடுகிறது. அமைப்பு ஃபைலின் பெயர் இன்னும் ஈஎம்சி-விங் என்றே இருக்கிறது. மாற்றவில்லை.