கூத்து ஆட்டத்தின் கிளிப்புகளை இணைக்க பிளெண்டரில் கோஸ்ட்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டது

முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளான பிளெண்டரின் 2.7 காலத்தில், உருவை அசைக்கும் எலும்புக்கூடான ஆர்மெச்சருக்கென்றே கோஸ்ட் வசதி, அதாவது வேறு ஃபிரேமின் நிலையை மங்கலான நிழலாகக் காட்டும் வசதி, இருந்தது. எலும்புகளை மட்டுமே காட்டும். 2019இல் வந்த 2.80 அதையும் எடுத்துவிட்டது. எலும்பு போகும் வழியைக் கோடாக வரையும் மோஷன் பாத் மிஞ்சியது. அது பாதை காட்டும், நிலை காட்டாது. மட்டக்களப்புக் கூத்து வகையான வடமோடியை வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், சுழலவிடுகிறவருக்கு வேண்டியது நிலைதான்: இந்தக் கிளிப் எந்தக் காலில் முடிகிறது, அடுத்தது எந்தக் காலில் தொடங்குகிறது?

ஆகவே கோஸ்டைக் கையால் செய்துகொள்வதே வழி. முதல் கிளிப் 25ஆம் ஃபிரேமில் முடிகிறதென்றால், கிளிப்புகளை அடுக்கி இணைக்கும் என்எல்ஏ எடிட்டரில் அடுத்த ட்ராக்கை மியூட் செய்துவிட்டு 25க்குப் போங்கள். உடலின் மேற்பரப்பான மெஷ்ஷை ஷிஃப்ட் டி கொடுத்துப் பிரதி எடுத்து, ஒப்ஜெக்ட் மெனுவில் கன்வர்ட், மெஷ். பிறகு ஆல்ட் பி, கிளியர் அண்ட் கீப் ட்ரான்ஸ்ஃபார்மேஷன். இதை மறந்தால் ரிக் (ஆர்மெச்சர்) நகரும்போது கோஸ்டும் கூடவே நகரும், ஒப்பிட ஒன்றும் இராது. வியூபோர்ட் டிஸ்பிளேயில் நிறத்தின் ஆல்ஃபாவை 0.3 ஆக்கி, சொலிட் ஷேடிங்கின் நிறத்தை ஒப்ஜெக்ட் என்று மாற்றுங்கள். அவுட்லைனரில் கோஸ்டைத் தெரிவுசெய்யும் வசதியையும் ரெண்டரையும் அணைத்துவிடுங்கள். இப்போது மியூட்டை எடுத்தால், அடுத்த கிளிப்பின் பாதம் கோஸ்டின் பாதத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கண்ணாலேயே அளக்கலாம்.

வடமோடியில் ஒரு சிக்கல் உண்டு. கரப்புடுப்பு என்ற உடை இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்பதால் மேலிருந்து பார்த்தால் பாதங்களை மறைத்துவிடும். உடையை விட்டு, காலும் இடுப்பும் மட்டும் கோஸ்ட் ஆக்கினால் போதும்.

கிளிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டும் என்எல்ஏ ரிப்பீட்டில் ரூட் நகர்ச்சை, அதாவது முழு உருவின் இடப்பெயர்ச்சி, கூடிக்கொண்டு போகாது. ஒவ்வொரு சுற்றிலும் உரு தொடங்கிய இடத்துக்கே துள்ளும். எனவே ஆட்ட அடியை நின்ற இடத்திலேயே ஆட வைத்து, ரிக்கைக் களரியின் நடுவில் ஓர் எம்ப்டிக்கு (வடிவமற்ற துணைப் பொருள்) பிள்ளையாக்கிச் சுழற்றுவது நல்லது. 3 மீற்றர் ஆரையில் ஒரு சுற்று 18.85 மீற்றர். அதை 8 கிளிப்பாகப் பிரித்தால் ஒன்றுக்கு 2.36 மீற்றர் வரும். கால்கள் 30 சென்டிமீற்றர் விலகி நின்றால் வெளிக்கால் 2.47, உட்கால் 2.24 மீற்றர் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே தூரம் கொடுத்தால் ஒரு கால் வழுக்கும். 45 பாகைக்கு ஒரு கோஸ்ட் வைத்தால் வழுக்குவது உடனே தெரியும்.

என்எல்ஏயில் டேப் அழுத்தி, கிளிப்பைத் திருத்தும் ட்வீக் நிலையில் இருக்கும்போது கோஸ்ட் எடுக்காதீர்கள். மேல் ட்ராக்குகள் வழக்கமாக அப்போது கணக்கில் வராததால் நிலை பிழைக்கும். கிளிப்பைத் திருத்தினாலும் பழைய கோஸ்ட் தானாக மாறாது. பெயரில் ஃபிரேம் எண்ணைச் சேர்த்து வைத்து, திருத்திய ஒவ்வொரு முறையும் அதை அழித்துப் புதிதாய் எடுங்கள். அதற்கு முன், மெஷ்ஷை மென்மையாக்கும் சப்டிவிஷனின் வியூபோர்ட் அளவை 0 ஆக்குங்கள். ஒவ்வொரு மட்டமும் முகங்களை நான்கு மடங்காக்கும், எட்டு கோஸ்டோடு கணினி திணறிவிடும்.