‘மைனஸ் 30 தாங்கும்’ கிளவுஸ்: காசையும் விரலையும் விட்டுவிடாதீர்கள்

ரொறன்ரோவில் ஸ்னோ அள்ளுகிற வேலைக்குப் போகிறவர்களுக்காக, முக்கியமாக இந்த வருடம்தான் முதல் குளிரைப் பார்க்கப் போகிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் 39 டொலருக்கு வேலைக் கிளவுஸ் ஒரு சோடி வாங்கினேன். அசல் தோல், தண்ணீர் புகாது, மைனஸ் 30 வரை தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

அன்றிரவு வெறும் மைனஸ் 8. உப்புப் போட்டு உருகிய சேற்றுப் பனியை நடைபாதையிலிருந்து வழித்துக்கொண்டிருந்தோம், ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது, விரல் நுனியெல்லாம் ஈரம், பிறகு குத்துகிற வலி, பிறகு அந்த வலியும் இல்லை. வலி நிற்பதுதான் பயப்பட வேண்டிய இடம், விரல் விறைத்துச் செத்துப்போகத் தொடங்குவது அப்படித்தான். கூட நின்ற அண்ணை தன்னுடைய வானுக்குள் கிடந்த பழைய மிட்டனை (நாலு விரலும் ஒன்றாகப் போகிற கிளவுஸ்) தந்தார், தப்பினேன்.

வீட்டுக்கு வந்து கத்தரியால் வெட்டிப் பார்த்தால், தோல் என்றது ரெக்சின். உள்ளே மெல்லிய ஸ்பொஞ்ச் ஒரு படை. தண்ணீரைத் தடுக்கிற பிளாஸ்டிக் படலம் எங்கேயும் இல்லை.

மைனஸ் 30 என்று யாரும் அச்சடிக்கலாம். குளிருக்கான கிளவுஸைச் சோதிக்கிற ஐரோப்பாவின் ஈஎன் 511 தரத்தில் பனித்துகள் படத்துக்குக் கீழே மூன்று எண் இருக்கும்: காற்றின் குளிருக்கு 0 முதல் 4, குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு 0 முதல் 4, கடைசி தண்ணீருக்கு 0 அல்லது 1. எக்ஸ் என்றால் அதைச் சோதிக்கவே இல்லை. ஈரப் பனியில் நிற்கிற எங்களுக்கு அந்தக் கடைசி 1 இல்லாவிட்டால் மற்ற எண்கள் எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோசனம் இல்லை. இங்கே விற்கிற எல்லாக் கிளவுஸிலும் இந்த முத்திரை இராது, சரி. ஆனால் என்னுடையதில் படம் மட்டும் இருந்தது, எண்ணே இல்லை!

விற்றவனிடம் கேட்டேன். பாவித்த பொருளாம், 20 சதவீதம் தருகிறானாம். முழுக்காசும் வேண்டுமென்றால் என் செலவில் சீனாவுக்குத் திருப்பி அனுப்பட்டாம், அந்தத் தபால் செலவு கிளவுஸ் விலையைத் தாண்டும். அதற்குள் விளம்பரத்தில் ‘தண்ணீர் புகாது’ போய் ‘ஓரளவு ஈரம் தாங்கும்’ வந்துவிட்டது. வாங்குகிற அன்றே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். நான் பிடித்து வைத்திருந்ததை இணைத்துத்தான் கடனட்டை வங்கியில் முறைப்பாடு போட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.