ஏரி நீர், ஆழ்துளை நீர், கடல்நீர்: சென்னையில் குடிக்க எது நல்லது?

சென்னையில் ஒரு வீட்டுக் குழாயில் வரும் நீர் பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்தோ, கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்தோ, மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் உப்பு நீக்கப்பட்ட கடல்நீரிலிருந்தோ வந்ததாக இருக்கலாம். அது போதாதபோது வீட்டின் ஆழ்துளைக் கிணறு கைகொடுக்கிறது. இவற்றுள் குடிப்பதற்கு ஏரி நீரையே நான் முதலில் வைப்பேன்.

மழையாலும் 1996 முதல் வரத் தொடங்கிய கிருஷ்ணா நீராலும் நிரம்பும் ஏரிகளில் கரைந்த உப்பு குறைவு. கலங்கல், பாசி, கிருமி ஆகியவையே அந்நீரின் குறைகள். படிகாரம் சேர்த்துத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்தால் அவை நீங்கும். ஆனால் நல்ல நீராகப் புறப்பட்டது வீடு சேரும்வரை அப்படியே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. நாளில் சில மணி நேரமே நீர் விடப்படும் தெருவில், மற்ற நேரங்களில் குழாயில் அழுத்தம் இல்லாததால், அருகில் ஓடும் கழிவுநீர் விரிசல் வழியாக உள்ளே கசியக்கூடும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை கேட்பது இதனால்தான். முதலில் வரும் நீர் பழுப்பாகவோ வாடையுடனோ இருந்தால் அதைச் சம்ப்பில், அதாவது வீட்டின் நிலத்தடித் தொட்டியில், விடக் கூடாது.

ஆழ்துளை நீர் பார்வைக்குக் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் பல தெருக்களில் அந்நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு நிற்கும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 2000 வரை பொறுக்கலாம். அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடலோர நிலத்தடியில் உப்புநீர் புகுந்துவிடும். மீஞ்சூர் வட்டாரத்தில் அதுதான் நடந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், உவர்ப்பு போகாது. ஆர்.ஓ. கருவி அதைப் போக்கினாலும், ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் வீணாகலாம்.

வானம் பொய்த்தாலும் நிற்காதது கடல்நீர் ஆலை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவர நேர்ந்ததை நினைத்தால் அதன் அருமை புரியும். ஆயினும் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாவதால் பஞ்சத்துக்கான காப்பாகவே அதைக் கருதுகிறேன்.

எந்த நீர் வந்தாலும், ஆழ்துளை நீரோடு ஒரே சம்ப்பில் கலந்துவிட்டால் அதன் தரம் அங்கேயே கெடுகிறது. புதிதாகக் கட்டுவோர் இரண்டுக்கும் தனித்தனிச் சம்ப் வைத்து, குடிநீர்க் குழாயைச் சமையலறைக்கு மட்டும் இழுக்க வேண்டும்.