வீட்டிலேயே கார் ஆயில் மாற்றுவது: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

வாரண்டி முடிந்ததிலிருந்து என் ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் வீட்டுப் போர்டிகோவில்தான் மாறுகின்றன. வாரண்டி இருக்கும்போது இதில் இறங்க வேண்டாம். நாளைக்கு இன்ஜினில் ஏதாவது வந்தால், சர்வீஸ் பதிவு இல்லாமல் கம்பெனியோடு வாதாடிக்கொண்டிருக்க முடியாது.

எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு மிச்சம்?" என்றுதான். நினைக்கிற அளவு இல்லை. ஆயிலும் ஃபில்டரும் யார் மாற்றினாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஃபில்டர் சின்ன விலை, ஆயில்தான் பெரிய செலவு. கூலி சில நூறு ரூபாய் மிஞ்சும். ஆனால் சர்வீஸ் பில்லில் கேட்காமலே ஏறும் சங்கதிகள் இருக்கின்றன: இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் திரவம்), ஆயிலில் கலக்கும் ஏதோ ஒரு டப்பா, ஏசி ஸ்பிரே. நான் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் இவற்றைப் பில்லிலிருந்து நீக்கச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றும் இன்ஜினுக்கு ஃப்ளஷ் தேவையில்லை என்பது என் கருத்து. உண்மையான மிச்சம் அந்தச் சங்கதிகளைத் தவிர்ப்பதில்தான்.

மற்றபடி நான் இதைத் தொடர்வதற்குக் காரணம் வேறு. என்ன ஆயில் உள்ளே போனது, எவ்வளவு போனது, ஃபில்டர் நிஜமாகவே மாறியதா என்று எனக்குத் தெரியும். பழைய ஃபில்டரைத் துணியால் துடைத்து அப்படியே விட்டுவிடும் இடங்களும் உண்டு. மேலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது.

ஆயில் தேர்வில் குழம்ப வேண்டியதில்லை. வண்டியின் கையேட்டில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று பிசுக்குமை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பது; 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று வரும். இன்னொன்று ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) தரம். பெட்ரோல் வண்டிக்கு 'எஸ்' எழுத்தில் தொடங்கும்: 2010-ல் எஸ்என், 2020-ல் எஸ்பி வந்தன. புதிய தரம் பழைய இன்ஜினுக்கும் பொருந்தும். "நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் சார் நல்லது" என்று கடைக்காரர் 20டபிள்யூ-40 எடுத்துக் கொடுத்தால், வாங்காமல் வந்துவிடுங்கள். மெல்லிய ஆயிலுக்கென்று பாகங்களுக்கு நடுவே இடைவெளி வைத்துச் செய்த இன்ஜினில் அதை ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும்.

என் வண்டிக்கு ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் மூன்று லிட்டர் பிடிக்கும். கடைகளில் 3.5 லிட்டர் கேன் கிடைக்கிறது, மீதியை டாப்-அப்புக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் எல்லா பிராண்டும் பார்க்கலாம். ஃபில்டரில் மட்டும் போலிகள் அதிகம். அங்கீகாரம் பெற்ற உதிரிபாகக் கடையில் பில்லோடு வாங்குவதே நல்லது. ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வுதான் இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் முழுக்கக் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. மட்டமான ஃபில்டர் போட்ட வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது சில வினாடிகள் கடகடவென்று சத்தம் போட இதுவும் ஒரு காரணம்.

இனி கருவிகள். இத்தனை காலத்தில் எது நின்றது, எது மூலையில் கிடக்கிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வண்டியைத் தூக்குவது. வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வயிற்றைக் கலக்கும். அது ஒரே நொடியில் நொறுங்கும், எச்சரிக்கை எதுவும் தராது. நான் வாங்கியது இரும்புச் சாய்வு மேடை ஒரு ஜோடி. முன் சக்கரங்களை அதில் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. டைல்ஸ் தரையில் மேடை வழுக்கும், அதனால் அடியில் பழைய ரப்பர் மேட் போடுகிறேன். ஜாக்கியும் ஸ்டாண்டும் வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள். சரியான இடத்தில் ஸ்டாண்டைக் கொடுக்கத் தெரிந்தால் அதுவும் பாதுகாப்பானதே. எனக்கு மேடைதான் நிம்மதி.

ஃபில்டரைக் கழற்ற பெல்ட் ரெஞ்சும் வைத்திருக்கிறேன், ஃபில்டரின் தலையில் கச்சிதமாக உட்காரும் கப் ரெஞ்சும் வைத்திருக்கிறேன். பெல்ட் ஆயில் பட்டதும் வழுக்குகிறது, இடமும் அதிகம் கேட்கிறது. கப் ரெஞ்சை மட்டும் வாங்கினால் போதும், ஆனால் உங்கள் ஃபில்டரின் அளவைப் பார்த்து வாங்குங்கள். ட்ரெயின் போல்ட்டுக்கு (ஆயிலை வடிக்க இன்ஜினின் அடியில் இருப்பது) ஆறு முகத்தையும் பிடிக்கும் ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட். திருகிக் கூட்டும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள், போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாய் வழியாக ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கைப் பம்பும் கிடைக்கிறது. அடியில் போக முடியாதவர்களுக்கு உதவும். ஆனால் என் வண்டியில் ஃபில்டருக்கு எப்படியும் கீழே போயாக வேண்டும் என்பதால் எனக்கு அதில் லாபமில்லை.

செய்முறை நீளமில்லை. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும், கொதிக்கும் ஆயில் கையைப் பதம் பார்க்கும். மேல் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அகலமான பேசினைக் கீழே தள்ளி, போல்ட்டைக் கழற்றலாம். ஆயில் நேராக விழாது, முதலில் சாய்வாகப் பாயும். மேடையில் வண்டி மூக்கைத் தூக்கி நிற்பதால் கடைசிச் சொட்டுகள் வர நேரமாகும். அந்த நேரத்தில் டீ குடிக்கலாம்.

ஃபில்டரில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சும். விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். புதிய வளையத்தில் துளி ஆயில் தடவி, கையால் திருகி, அது தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. அவ்வளவுதான். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, கையேடு சொல்லும் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் சம்ப்பின் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரை அறுந்து, மிச்சம் பிடித்த கூலியைப் போல பல மடங்கு செலவு வரும்.

புது ஆயிலை முழுதும் ஊற்றாமல் கொஞ்சம் குறைவாகவே ஊற்றுங்கள். இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி, கசிவு இருக்கிறதா என்று பார்த்து, நிறுத்தி, வண்டியைச் சமதரைக்கு இறக்கி, சற்று நேரம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில், மேல் குறிக்கு அருகில் இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டினால், இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரை கிளம்பும், அது குறைவாக இருப்பதைப் போலவே கெடுதல்.

சில வாரத்தில் ஆயில் கறுத்துவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்வது அதன் வேலை, கறுப்பது இயல்பு. பயப்பட வேண்டியது பால் கலந்த காப்பி நிறத்துக்குத்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்ற வண்டிகளில் இதைப் பார்த்தோம். அப்படி இருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

பழைய ஆயில்தான் இந்த வேலையின் தொல்லை பிடித்த பகுதி. சாக்கடையில் ஊற்றுவது குற்றம், கரையான் மருந்து என்று மண்ணில் ஊற்றுவதும் தவறு. சென்ட்ரிங் பலகைக்குப் பூச யாராவது வந்து கேட்பார்கள், நான் கொடுப்பதில்லை. அது கடைசியில் மண்ணுக்கும் கூலியாட்களின் கைக்கும்தான் போகிறது. வடித்த ஆயிலை ஒரு காலி கேனில் ஊற்றி, தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் பேரலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். பேரல் ஆயிலை எடுத்துப்போக உரிமம் பெற்ற ஆட்கள் அங்கே வருகிறார்கள். ஃபில்டரையும் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு அங்கேயே கொடுக்கலாம். வேலை முழுக்க நைட்ரைல் கையுறை அவசியம், பழைய ஆயில் தோலில் அடிக்கடி படுவது நல்லதல்ல.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பார்க்கிங் தரையில் ஒரு கறை விழுந்தால் அசோசியேஷன் மீட்டிங்கில் வருடம் முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஆயில் பில், ஃபில்டர் பில், ஓடோமீட்டர் படம் மூன்றையும் ஒரே கோப்பில் வைக்கிறேன். வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் அதைப் பார்த்துவிட்டும் "கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி இல்லையே" என்று விலையைக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார். மிச்சக் கணக்குப் போடும்போது அந்தத் தொகையையும் கழித்துவிடுங்கள்.